ஒரு துண்டு அட்டை

அந்த வண்டி எங்கள் பட்டறைக்கு லாரியின் முதுகில் ஏறி வந்தது. 2003-ஆம் வருடம், மே மாதம். நான் ஐந்தாம் வகுப்புப் பரீட்சை முடித்து லீவில் இருந்தேன். அப்பாவுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோவதும், தூக்குச்சட்டியைத் திரும்ப வாங்கி வருவதும் என் வேலை. தூக்குச்சட்டி காலியான பிறகும் நான் வீட்டுக்குப் போக மாட்டேன். இருட்டிய பிறகு அப்பாவின் சைக்கிளில் முன்னால் உட்கார்ந்துதான் போவேன்.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் ரோட்டில் முத்தையாபுரம் தாண்டி எங்கள் பட்டறை இருந்தது. தகரக் கூரை, ஆயில் ஊறிக் கறுத்த மண் தரை, வாசலில் ஒரு வேப்பமரம். கிழக்கே கொஞ்ச தூரத்தில் உப்பளங்கள். வெயில் ஏறினால் அந்தப் பக்கம் கண்ணைத் திறந்து பார்க்க முடியாது. அதற்கும் அப்பால் துறைமுகம். அங்கே ஓடும் வண்டிகளின் ஹைட்ராலிக் வேலைகள்தான் அப்பாவின் பிழைப்பு.

வந்த வண்டி சின்னது. நாலு சக்கரம், முன்னால் ஒரு பக்கெட், நடுவில் ஒரு ஆள் மட்டும் உட்காரும் கூண்டு. ஏறுவதும் இறங்குவதும் முன்பக்கமாக, பக்கெட்டைத் தாண்டித்தான். துறைமுகத்தில் எந்தக் கம்பெனி வண்டியானாலும் அதை ‘பாப்கேட்’ என்றே சொன்னார்கள். ஸ்டியரிங் கிடையாது, இரண்டு லிவர்கள். சக்கரங்கள் இடமும் வலமும் திரும்பாது. ஒரு பக்கச் சக்கரங்கள் முன்னோக்கியும் மறுபக்கச் சக்கரங்கள் பின்னோக்கியும் சுற்ற, வண்டி நின்ற இடத்திலேயே தரையைத் தேய்த்துக்கொண்டு திரும்பிவிடும்.

அது என்ன வேலைக்கு என்று கேட்டேன். அப்பா சோற்றைப் பிசைந்தபடியே விளக்கினார். கப்பலின் அடிக்கூடத்தில் நிலக்கரியோ, ஸ்பிக் உரத் தொழிற்சாலைக்குப் போகும் ராக் பாஸ்பேட்டோ மலைபோலக் குவிந்திருக்கும். மேலேயிருந்து கிரேன் தன் இரும்பு வாயால் நடுவில் உள்ளதை அள்ளிவிடும். சுவரோரத்திலும் மூலைகளிலும் ஒட்டிக் கிடப்பதை அதனால் எட்ட முடியாது. அப்போது இந்த வண்டியைச் சங்கிலியில் கட்டி, கிணற்றுக்குள் வாளியை இறக்குவதுபோல உள்ளே இறக்குவார்கள். அது ஓரத்தில் கிடப்பதை வழித்து நடுவுக்குத் தள்ளிக் கொடுக்கும். எல்லாம் முடிந்த பிறகு கிரேன் அதை மறுபடியும் மேலே தூக்கும்.

பல வருடம் கழித்து இந்த வண்டியின் பிறப்பைப் படித்தபோது அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் ராத்சே என்ற சிற்றூரில் பட்டறை வைத்திருந்த லூயிஸ் கெல்லர், சிரில் கெல்லர் என்ற அண்ணன் தம்பிகள் 1957-இல் இதன் முதல் வடிவத்தைச் செய்தார்கள். வான்கோழி வளர்க்கும் ஒரு விவசாயிக்கு இரண்டு தட்டுக் கொட்டகை இருந்தது. மேல்தட்டுக்கு ஏறக்கூடிய அளவுக்கு எடை குறைவாகவும், தூண்களுக்கு நடுவே திரும்பக்கூடிய அளவுக்குச் சின்னதாகவும், எச்சத்தை வழித்துத் தள்ள ஒரு வண்டி வேண்டும் என்று அவர் கேட்டார். அவர்கள் செய்து கொடுத்த முதல் வண்டிக்கு மூன்றே சக்கரம். நாலு சக்கர வடிவம் 1960-இல் வந்தது. பாப்கேட் என்ற பெயர் 1962-இல் ஒட்டிக்கொண்டது. வான்கோழிக் கொட்டகைக்கும் கப்பலின் அடிக்கூடத்துக்கும் எவ்வளவோ தூரம். இடுக்கான இடத்தில் உழைக்க ஒரு வண்டி என்ற தேவை மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

வண்டியின் வியாதி ஆயில் ஒழுகல். ஒரு ஷிப்ட் ஓடினால் இரண்டு மூன்று லிட்டர் ஹைட்ராலிக் ஆயில் தரையில் கிடக்கும். ரோட்டில் ஓடும் வண்டியென்றால் ஆயிலை ஊற்றி ஊற்றிச் சமாளிக்கலாம். கப்பலுக்குள் அது நடக்காது. சரக்கில் ஆயில் கலந்தால் சரக்கு வாங்கியவர் சும்மா விட மாட்டார். இரும்புத் தரையில் ஆயில் கிடந்தால் ஆட்கள் வழுக்கி விழுவார்கள். ஏற்கெனவே இரண்டு பட்டறைகளில் பார்த்திருந்தார்கள். ஒருவர் ஹோஸ்களை எல்லாம் மாற்றியிருந்தார். இன்னொருவர் பம்பின் ஆயில் சீலை மாற்றி, கண்ணில் பட்ட மரைகளில் எல்லாம் வெள்ளை டேப்பைச் சுற்றியிருந்தார். வண்டி ஒழுகிக்கொண்டேதான் இருந்தது.

“நாளான்னைக்குக் கழிச்சு அடுத்த கப்பல் உள்ள வருது அண்ணாச்சி. அதுக்குள்ள முடிச்சுத் தந்துருங்க” என்று சொல்லிவிட்டு, வண்டியை எடுத்து வந்த காண்ட்ராக்டர் போய்விட்டார்.

அப்பா அன்று ஸ்பானரையே தொடவில்லை. வேப்பமர நிழலில் குத்தவைத்து உட்கார்ந்து, வண்டியோடு வந்த ஆபரேட்டர் அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அது வீண் பேச்சாகத் தெரிந்தது. எங்கே ஒழுகுகிறது என்று அப்பா ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எப்போது ஒழுகுகிறது என்றே திரும்பத் திரும்பக் கேட்டார்.

“காலையில எடுத்த ஒடனே ஒழுவுமா?”

“ஒழுவாதுண்ணே. வெறும் வண்டியா எவ்வளவு ஓட்டுனாலும் ஒண்ணும் தெரியாது. பக்கெட் நெறைய அள்ளித் தூக்க ஆரம்பிச்சு அரை மணி நேரம் ஆச்சுன்னா போதும். பொறத்தால பம்புக்குக் கீழ சொட்ட ஆரம்பிச்சுரும்.”

அப்பா தலையை ஆட்டினார். பிறகு என்னைப் பார்த்து, “பாப்பா, ஆயில் சொட்டுத எடம் வேற, கசியுத எடம் வேற. கூரையில ஒரு ஓட்டை இருந்தா தண்ணி உத்தரத்தோட ஓடி எங்கயோ ஒரு மூலையில சொட்டும்லா, அதே மாதிரிதான்” என்றார்.

மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் பாத்திரம் வைக்கும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டில் விரிசல் இருந்ததே இல்லை. அதனால் எனக்கு உடனே புரிந்தது.

அடுத்த நாள் காலையில் கழுவும் வேலை. ஆர்ம்களைத் தூக்கி, அவை இறங்கிவிடாமல் இரும்பு முட்டுக் கொடுத்து, கூண்டைப் பின்பக்கமாகச் சாய்த்து நிறுத்தினார்கள். அதற்கும் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்த பிறகுதான் அப்பா என்னைப் பக்கத்தில் வரவிட்டார். உள்ளே நிலக்கரித் தூசியும் ஆயிலும் கலந்து தார்போல அப்பிக் கிடந்தது. மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு அப்பாவும் ஆபரேட்டர் அண்ணனும் பம்ப், வால்வு, பைப்புகள் எல்லாவற்றையும் கழுவினார்கள். சாய்ந்து நின்ற கூண்டின் அடித்தகட்டைத் துடைக்கும் வேலை எனக்கு. கைநிறைய பனியன் வேஸ்ட்டை வைத்துக்கொண்டு, அந்தத் தகட்டின் மஞ்சள் பெயின்ட் தெரியும்வரை துடைத்தேன். மூன்று தடவை வேஸ்ட் மாற்றினேன். அப்பா விரலால் தேய்த்துப் பார்த்து, “நல்லா இருக்கு” என்றார்.

பிறகு அப்பா என்னிடம் சாக்பீஸ் இருக்கிறதா என்று கேட்டார். வீட்டுக்கு ஓடி, டீச்சர் விளையாட்டு விளையாட நான் சேர்த்து வைத்திருந்த துண்டுகளை எல்லாம் அள்ளி வந்தேன். அவற்றைச் சுத்தியலால் நுணுக்கி, அம்மாவின் பழைய மாவுச் சல்லடையில் சலித்து, காய்ந்த பைப்புகளின் மேலும் வால்வின் மேலும் தூவினோம். உள்ளே எல்லாம் வெள்ளை வெளேர் என்று ஆனது. ஆயில் எங்கே தலை காட்டினாலும் வெள்ளையில் கறுப்பாகத் தெரிந்துவிடும்.

கூண்டை இறக்கி, பட்டறைக்குப் பின்னால் மண்ணை அள்ளி அள்ளித் தூக்கி ஓட்டச் சொன்னார். முக்கால் மணி நேரம் கழித்துக் கூண்டைச் சாய்த்தபோது, வால்வின் பின்பக்கத்திலும் பம்பின் மேலும் பொடி நனைந்திருந்தது. வால்வின் ஸ்பூல் ஓரத்து ஓ ரிங்குகள்தான் காரணம் என்று அப்பா நினைத்தார். வால்வைக் கழற்றி, ஒவ்வொரு ஓ ரிங்காக எடுத்து, புதியதற்கு ஆயில் தடவிப் பொருத்தினார். பழைய வளையங்களை என் உள்ளங்கையில் வாங்கி வைத்திருந்தேன். நேரம் இரவு ஒன்பது ஆகிவிட்டது. வண்டியை ஓட்டிப் பார்த்தோம். மறுபடியும் அதே இடம் நனைந்தது.

அப்பா வண்டியைத் திட்டவில்லை. முன்னால் பார்த்தவர்களையும் திட்டவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, “நான் நெனைச்சது தப்பு. நாளைக்கு மொதல்லயிருந்து பாப்போம்” என்றார். பெரியவர்கள் இப்படிச் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை.

இந்த வண்டியில் இருந்த சிக்கலை இப்போது என்னால் தெளிவாகச் சொல்ல முடியும். ஹைட்ராலிக் சாமான்கள் எல்லாம் கூண்டுக்கு அடியில். கூண்டை இறக்கினால்தான் உட்கார்ந்து வேலை செய்ய முடியும். இறக்கிவிட்டால் உள்ளே நடப்பது தெரியாது. சாய்த்தால் எல்லாம் தெரியும். ஆனால் அந்த நேரம் வண்டி சுமை தூக்காது, அதனால் கசியவும் கசியாது.

மூன்றாம் நாள் காலையில் மறுபடியும் கழுவல், மறுபடியும் சாக்பீஸ் பொடி, மறுபடியும் மண் அள்ளல். கூண்டைச் சாய்த்ததும் பெரியவர்கள் இருவரும் குனிந்து உள்ளே பார்த்தார்கள். டார்ச் பிடித்திருந்த எனக்கு உயரம் பத்தவில்லை. குனிந்து பார்க்க எனக்கு அங்கே ஒன்றும் இல்லை, அண்ணாந்துதான் பார்த்தேன். நான் துடைத்து வைத்திருந்த அடித்தகடு தலைக்கு மேலே சாய்ந்து நின்றது. அதில் ஒரு முழம் நீளத்துக்குச் சின்னச் சின்னப் புள்ளிகள், ஈரத்தோடு.

“அப்பா, இங்க மேல ஆயில் இருக்கு.”

“அது பழைய ஆயிலா இருக்கும்மா.”

“இல்லப்பா. நான்தான தொடச்சேன். அங்க ஒண்ணும் இல்ல.”

அப்பா நிமிர்ந்தார். டார்ச்சை வாங்கி அந்தப் புள்ளிகளை வெகுநேரம் பார்த்தார். ஆயில் கீழ்நோக்கி ஒழுகவே இல்லை. எங்கிருந்தோ மேல்நோக்கிப் பீய்ச்சி, கூண்டின் அடியில் புகைபோலப் படிந்து, தகட்டின் சரிவோடு பின்பக்கம் ஓடி, பம்பின் மேல் சொட்டியிருக்கிறது. எல்லாரும் சொட்டிய இடத்தைப் பிரித்துப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தோம்.

கூண்டு இறங்கினால் அந்தப் புள்ளிகளுக்கு நேர் கீழே எது வரும் என்று அப்பா நூல் பிடித்துப் பார்த்தார். ஹோஸ் இல்லை, யூனியன் இல்லை, எந்த மூட்டும் இல்லை. வால்விலிருந்து லிஃப்ட் சிலிண்டருக்குப் போகும் வெறும் இரும்புப் பைப், ஒரு கிளாம்ப்பில் பிடித்திருந்தது. மூட்டே இல்லாத இடத்தில் கசிவை யார் தேடுவார்கள்? அந்தக் கிளாம்ப்பின் ஓரத்தில் சாக்பீஸ் பொடி நனைந்து சேறாகியிருந்தது.

கண்டுபிடித்தது நான் என்ற சந்தோஷம் எனக்கு. இங்கேதானே என்று கேட்டபடி அந்தப் பைப்பைத் தொடக் கையை நீட்டினேன்.

“ஏட்டி, கைய எடு!”

அப்பா என்னிடம் அப்படிக் கத்தியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வேப்பமரத்துக் காக்கைகள் எழும்பிப் பறந்தன. நான் நாலடி பின்னால் போய், அழுகையை அடக்கிக்கொண்டு நின்றேன்.

“எஞ்சின் ஓடலையேப்பா…”

“எஞ்சின் நின்னுட்டா பிரஷர் போயிருமா? லிவர ரெண்டு பக்கமும் ஆட்டி எறக்குனாதான் போவும். அதுவரைக்கும் பைப்புக்குள்ளயே அடைபட்டுக் கெடக்கும்.” குரல் இறங்கிவிட்டது. கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

பிறகு மூலையில் கிடந்த பிஸ்கட் பெட்டியைக் கிழித்து, ஒரு அட்டையை எடுத்து நீளக் கம்பின் நுனியில் கட்டினார். என்னை வேப்பமரத்தைத் தாண்டி நிற்கச் சொன்னார். எஞ்சினை ஓடவிட்டார்கள். ஆர்ம்கள் ஏற்கெனவே உச்சியில் நின்றன. ஆபரேட்டர் அண்ணன் தள்ளி நின்றபடி ஒரு கம்பியால் வால்வை ‘தூக்கு’ பக்கம் அழுத்தினார். இதற்கு மேல் போக வழியில்லாமல் ரிலீஃப் வால்வு கீச்சென்று கத்தியது. பிரஷர் முழுசாக ஏறியதற்கு அதுதான் அடையாளம். அப்பா அட்டையைக் கிளாம்ப்புக்கு மேலே நீட்டினார். வெறுங்கண்ணுக்கு அங்கே ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் அட்டையில், பென்சிலால் கிழித்ததுபோல, ஒரு கறுப்புக் கோடு விழுந்தது.

எஞ்சினை அணைத்து, லிவரை ஆட்டிப் பிரஷரை இறக்கிய பிறகு கிளாம்ப்பைக் கழற்றினார்கள். உள்ளே இருக்கவேண்டிய ரப்பர் எப்போதோ நைந்து உதிர்ந்துவிட்டது. இரும்பும் இரும்பும் உராய்ந்து, அதிர்வில் பைப் அசைந்து அசைந்து, கிளாம்ப்புக்கு அடியிலேயே மயிரிழை அளவுக்கு விண்டிருந்தது. சுமை தூக்கும்போது மட்டும் அந்த விரிசல் வாயைத் திறக்கும். சுமை இறங்கினால் மூடிக்கொள்ளும்.

காண்ட்ராக்டர் வந்து பார்த்தார். “கண்டுபிடிச்சாச்சுல்லா அண்ணாச்சி, ஒரு பித்தளை ஊது ஊதிக் குடுங்க. மத்தியானம் ஏத்திருதேன்” என்றார்.

“ஊதித் தாரேன், ரெண்டு நாள் நிக்கும். மூணாம் நாள் கப்பலுக்கு அடியில வச்சு விண்டுரும். பக்கத்துல ஆள் நின்னா என்ன செய்விய?” என்றார் அப்பா. அப்பாவுக்கும் கோபம், காண்ட்ராக்டருக்கும் கோபம். ஆனால் அப்பா அசையவில்லை. பழைய பைப்பை மாதிரிக்கு எடுத்துக்கொண்டு ஊருக்குள் போய், அதே கனத்தில் தையல் இல்லாத பைப் வாங்கி, அதே வளைவுகளில் வளைத்து, முனைகளை விரித்து வாங்கி வந்தார். பழைய ஹோஸ் ஒன்றிலிருந்து ரப்பரை அறுத்துக் கிளாம்ப்புக்கு மெத்தை வைத்தார். மரையில் டேப் சுற்றவில்லை. “இதுல மரை பிடிக்கத்தான். ஆயிலத் தடுக்கது இந்த விரிஞ்ச வாயி. ரெண்டு வாயும் சுத்தமா ஒண்ணோட ஒண்ணு ஒக்காந்தா போதும்” என்று என்னிடம் காட்டினார். இரவு பதினொரு மணிவரை வண்டி மண் அள்ளியது. தகட்டில் ஒரு புள்ளிகூட விழவில்லை.

அன்று சைக்கிளில் திரும்பும்போது, ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த அப்பாவின் இடதுகை என் கண் முன்னால் இருந்தது. அதில் சுட்டுவிரலின் மேல் இரண்டு கணுக்கள் கிடையாது. பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகியதால் நான் ஏன் என்று கேட்டதே இல்லை. அன்று அவராகவே சொன்னார்.

இருபத்து நாலு வயதில், வேறு ஊரில், ஒரு பட்டறையில் வேலை பார்த்தபோது, இதேபோல ஒரு கசிவை விரலால் தடவித் தேடியிருக்கிறார். எறும்பு கடித்த மாதிரி சுருக்கென்றது. ரத்தம் இல்லை, வலியும் இல்லை. ஊசி முனை அளவு ஒரு புள்ளி. துணியில் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தார். ராத்திரி விரல் வீங்கி விறைத்தது. ஏதோ விஷக்கடி என்று மருந்து போட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனது மூன்றாம் நாள். அதற்குள் உள்ளே போன ஆயில் சதையை அழுகவைத்துவிட்டது.

“பிரஷர்ல வர்ற ஆயிலு ஊசி மாதிரி, பாப்பா. தோலுக்குள்ள ஏறிட்டா வெளிய வராது. இந்த வெரல பாக்கும்போதெல்லாம் அட்டைய நெனைச்சுக்க.”

இன்று நான் ஒரு பாலிடெக்னிக்கில் ஹைட்ராலிக்ஸ் பாடம் நடத்துகிறேன். அப்பா அன்று சொன்னதற்கான கணக்கு இப்போது எனக்குத் தெரியும். லாரி டயரில் இருப்பது ஏறக்குறைய நூறு பவுண்டு அழுத்தம். ஊசித்துளை வழியாகப் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைக்க அந்த நூறு பவுண்டே போதும். இந்தச் சின்ன வண்டியின் பைப்புக்குள் இருப்பது இரண்டாயிரம், மூவாயிரம் பவுண்டு. ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் பாடப்புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் ஒரு அட்டையை மேசை மேல் வைக்கிறேன். கறுப்புக் கோடு விழுந்த அதே அட்டை அது. அப்பா அதைப் பட்டறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்தார். அவர் போன பிறகு நான் எடுத்துக்கொண்டேன்.

ஜேசிபி, டிராக்டர், டிப்பர், போர்வெல் வண்டி என்று ஹைட்ராலிக் இல்லாத ஊர் இன்று தமிழ்நாட்டில் இல்லை. அவற்றோடு பிழைப்பவர்களும், அந்தப் பட்டறைகளில் தொழில் பழகும் பையன்களும் இதைப் படித்தால், அவர்களிடம் கேட்பது இவ்வளவுதான். கசிவைக் கையால் தேடாதீர்கள். எஞ்சினை நிறுத்தி, பிரஷரை இறக்கிவிட்டுத் தொடுங்கள். ஓடும்போது பார்த்தே ஆகவேண்டும் என்றால் தள்ளி நின்று அட்டையை நீட்டுங்கள். தப்பித் தவறி விரலில் சுருக்கென்று ஒரு புள்ளி விழுந்துவிட்டால், வலி இல்லை என்று இருந்துவிடாதீர்கள். அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், “தோலுக்குள்ள ஹைட்ராலிக் ஆயில் ஏறியிருக்கு” என்று அதே வார்த்தையில் டாக்டரிடம் சொல்லுங்கள். சில மணி நேரத்துக்குள் கீறிச் சுத்தம் செய்தால் விரல் மிஞ்ச வாய்ப்பு அதிகம்.